நெய்யாத் துணியும் அதன் நுண்துளைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஊர்களில் வாழும் தமிழர்களுக்குப் பொள்ளாச்சி வேற்று மாநிலம் என்ற நினைப்பே வருவதில்லை. காலையில் கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்களில் நானும் ஒருவன். தென்னை மஞ்சி என்கிற தேங்காய் நாரிலும் செயற்கை இழையிலும் ஊசிக்குத்து விரிப்பு செய்யும் ஆலையொன்றில் தர ஆய்வு பார்க்கிறேன். தோப்புக்காரர்கள், கடைக்காரர்கள், சாலை ஒப்பந்தக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலர் இத்தகைய நெய்யாத் துணியைப் பற்றி என்னிடம் கேட்டவற்றை இங்கே திரட்டி, என்னால் இயன்ற அளவு முழுமையாக விடை எழுதியிருக்கிறேன்.

நெய்யாமல் எப்படித் துணி உண்டாகும்?

தறியில் பாவும் ஊடும் குறுக்கே ஓடித் துணியாகின்றன. பின்னலாடையில் நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் முதலில் நூல் நூற்றாக வேண்டும். நெய்யாத் துணியில் அந்தக் கட்டமே கிடையாது. இழைகளை நேரடியாக ஒரு படலமாகப் பரப்பி, அது பிரியாதபடி ஏதேனும் ஒரு வழியில் பிணைத்துவிடுகிறார்கள். ஆட்டு ரோமத்தை நனைத்து, உருட்டி, அழுத்திச் செய்யும் காஷ்மீரத்து நமதா இதன் மூத்த உறவு. சந்தையில் இதை ‘நான் ஓவன்’ என்றே சொல்கிறார்கள். பை, முகக்கவசம், விரிப்பு எல்லாம் அந்த ஒரே பெயரில் அடங்கிவிடுவதால், வாங்குகிறவர்களுக்கு அவை எல்லாம் ஒரே பொருள் என்ற மயக்கம் ஏற்படுகிறது.

படலத்தைப் பரப்புவதும் பிணைப்பதும் எப்படி?

பல வழிகள் உண்டு. பையும் மருத்துவமனை அங்கியும் ஆகிற வகையில், பிளாஸ்டிக்கை உருக்கிப் பல நூறு நுண்துளைகள் வழியாக இழைகளாக இறக்கி, காற்றால் இழுத்து, ஓடிக்கொண்டிருக்கும் பட்டையின் மேல் படியவிட்டு, சூடான உருளைகளுக்கிடையே புள்ளி புள்ளியாக ஒட்டுகிறார்கள். இதற்கு ஸ்பன்பாண்ட் என்று பெயர்; இழையின் தடிமன் பெரும்பாலும் 15 முதல் 35 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உருகிய பிளாஸ்டிக்கின் மேல் மிகச் சூடான காற்றை அதிவேகமாகப் பாய்ச்சினால் இழை ஒன்று முதல் ஐந்து மைக்ரான் வரை மெலிகிறது, இது மெல்ட்புளோன். தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த மென்மை விளங்கும்.

எங்கள் ஆலையில் நடப்பது ஊசிக்குத்து. இழைகளைச் சிக்கெடுத்துப் பல அடுக்காகப் பரப்பிய பின், பக்கங்களில் சிறு முள் வெட்டிய ஆயிரக்கணக்கான ஊசிகள் மேலும் கீழும் இறங்கி ஏறும். முள்ளில் சிக்கிய மேலடுக்கு இழைகள் கீழடுக்குக்குள் செருகப்படுகின்றன. பசையும் இல்லை, சூடும் இல்லை. உராய்வு ஒன்றே அதைத் தாங்குகிறது. அதே வேலையை ஊசிக்குப் பதில் மெல்லிய நீர்த்தாரைகளால் செய்தால் ஸ்பன்லேஸ் என்னும் ஈரத்துடைப்புத் துணி கிடைக்கும். காகிதம் போல நீரில் கலக்கிப் படியவைக்கும் முறையும் உண்டு. தேநீர்ப் பைகள் பலவும் அப்படி வந்தவை. அவற்றில் சேரும் அபாகா நார் நம் வாழையின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்திலிருந்து எடுக்கப்படுகிறது.

இதை ‘நுண்துளைப் பொருள்’ என்று ஏன் அழுத்திச் சொல்கிறீர்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கில் செய்த 200 ஜிஎஸ்எம் ஊசிக்குத்து விரிப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதாவது ஒரு சதுர மீட்டர் 200 கிராம் எடை. தடிமன் 2 மில்லிமீட்டர் என்றால் அது அடைத்துக்கொள்ளும் இடம் 2 லிட்டர். பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.91 கிராம்; ஆகவே இழை மட்டும் பிடிக்கிற இடம் சுமார் 220 மில்லிலிட்டர். மிச்சம் 89 விழுக்காடு வெறும் காற்று. அதே விரிப்பின் மேல் மண்ணும் கல்லும் ஏறித் தடிமன் ஒரு மில்லிமீட்டராக அமுங்கினாலும், 78 விழுக்காடு இடைவெளிதான்.

நீரோ காற்றோ ஒலியோ இத்துணிக்குள் செய்கிற பயணம் முழுவதும் அந்த இடைவெளியில் நடக்கிறது. இழை சுவர், இடைவெளி வழி. அந்த வழி எவ்வளவு அகலம், எவ்வளவு வளைவு, எத்தனை இடங்களில் குறுகுகிறது, சுவர் நீரை விரும்புகிறதா வெறுக்கிறதா என்பவை எல்லாம் சேர்ந்துதான் அது வடிகட்டியாகுமா, உறிஞ்சியாகுமா, வெறும் பொதியாகுமா என்று தீர்மானிக்கின்றன. ஆகவே நெய்யாத் துணி வாங்குகிறவர் உண்மையில் விலை கொடுப்பது இடைவெளிக்கு என்று நான் எப்போதும் சொல்வேன்.

ஒரே ஜிஎஸ்எம், ஒரே பாலிபுரொப்பிலீன். விலையும் வேலையும் ஏன் வேறுபடுகின்றன?

ஜிஎஸ்எம் எடையை மட்டும் சொல்லும். ஒரே எடைப் பிளாஸ்டிக்கைத் தடித்த இழைகளாக இழுத்தால் இழைகள் சில, துளைகள் பெரியவை. இழையின் விட்டத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் அதே எடையில் நூறு மடங்கு நீளம் கிடைக்கும். மேற்பரப்பு பத்து மடங்காகும். துளை மிகச் சிறுத்துவிடும். 25 ஜிஎஸ்எம் ஸ்பன்பாண்டும் 25 ஜிஎஸ்எம் மெல்ட்புளோனும் தராசில் ஒன்று. தூசிக்கு முன்னால் இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.

முகக்கவசத்தின் துளை, பிடிக்க வேண்டிய துகளை விடப் பெரியது என்கிறார்கள். பிறகு அது எப்படிப் பிடிக்கிறது?

கேட்டவர்களில் பெரும்பாலோர் மனத்தில் சல்லடை இருக்கிறது. சல்லடை துளையை விடப் பெரியதை நிறுத்தும், சிறியதை விடும். முகக்கவசத்தின் நடு அடுக்கு அப்படி வேலை செய்வதில்லை. காற்று இழைகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகும்போது, கனமான துகளால் அந்த வளைவில் திரும்ப முடிவதில்லை; நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. நடுத்தரத் துகள் காற்றோடு வளைந்தாலும் இழையை உரசுமளவுக்கு அருகே போனால் மாட்டிக்கொள்கிறது. மிகச் சிறிய துகள், 0.1 மைக்ரானுக்கும் குறைந்தது, காற்றின் மூலக்கூறுகள் இடித்துத் தள்ளுவதால் தாறுமாறாக அலைந்து எங்காவது ஓர் இழையில் போய்ச் சேர்கிறது. ஆகவே மிகச் சிறியது தப்பிவிடும் என்ற அச்சம் தவறு. பெரிய துகளின் வேகமும் இல்லாமல் சிறிய துகளின் அலைச்சலும் இல்லாமல் இருக்கிற, 0.3 மைக்ரானை ஒட்டிய அளவுதான் பிடிக்கக் கடினமானது. என்-95 வகையின் சோதனை அந்த அளவை ஒட்டியே வைக்கப்பட்டது. அதில் 95 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும்.

இவற்றோடு மின்னூட்டமும் சேர்கிறது. மெல்ட்புளோன் படலத்துக்கு நிலைத்து நிற்கும் மின்னூட்டம் ஏற்றினால், துளையைக் குறுக்காமலே, அதாவது மூச்சுத் திணறாமலே, துகளை இழுத்துப் பிடிக்கும் திறன் பலமடங்கு உயர்கிறது. டென்னஸி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் சாய் 1990களில் இம்முறையை வளர்த்தெடுத்தவர். மெல்ட்புளோன் படலமே 1950களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வான் வெண்டே என்பவர் செய்த முயற்சியில் தோன்றியது. அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பின் மேல்வானத்தில் மிதந்த கதிரியக்கத் துகள்களைச் சேகரிக்க மெல்லிய இழை வடிகட்டி தேவைப்பட்டது அதற்குக் காரணம்.

முகக்கவசத்தைத் துவைத்துப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். சோப்பும் ஆல்கஹால் கலந்த கிருமிநாசினியும் அந்த மின்னூட்டத்தை அழித்துவிடும். துணி கிழியாமல், நிறம் மாறாமல், புதியது போலவே இருக்கும். பிடிக்கும் திறன் மட்டும் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத இழப்பு என்பதால் இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்கும்போது இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 9473 குறியீடு உள்ளதா என்று பாருங்கள்.

கரிசல் மண்ணில் போட்ட சாலை இரண்டு மழைக்குள் பள்ளமாகிறது. துணி விரித்தால் நிற்குமா?

எங்கள் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் கேரளத்தின் மற்ற இடங்களில் அரிதான கரிசல் மண் உண்டு. கோடையில் கை நுழையுமளவு வெடிக்கும். மழையில் உப்பிக் களியாகும். அந்தக் களியின் மேல் ஜல்லி கொட்டி வண்டி ஓடினால், சக்கரம் அழுத்துகிற ஒவ்வொரு முறையும் கல் கீழே இறங்குகிறது, சேறு மேலே ஏறுகிறது. சில மாதங்களில் ஜல்லி அடுக்கு என்று ஒன்று தனியே இருக்காது. கல் கலந்த சேறுதான் இருக்கும். எத்தனை லோடு ஜல்லி கொட்டினாலும் அது கீழேதான் போகும்.

இரண்டுக்கும் நடுவே ஊசிக்குத்து விரிப்பு ஒன்றைப் பரப்பினால் அது மூன்று வேலைகளைச் செய்கிறது. கல்லையும் களியையும் பிரித்து வைக்கிறது. சக்கரம் அழுத்தும்போது பீறிடும் நீரை மட்டும் மேலே விட்டுச் சேற்றைத் தடுக்கிறது. தன் தடிமனுக்குள்ளேயே அந்த நீரைப் பக்கவாட்டில் கொண்டுபோய் ஓடையில் விடுகிறது. அந்தக் கடைசி வேலைக்குத் தடிமன் வேண்டும் என்பதால், மெல்லிய ஸ்பன்பாண்டு இங்கே உதவாது. களி உப்புவதை இது நிறுத்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சுண்ணாம்பு கலந்து மண்ணைப் பதப்படுத்துவது போன்ற வேறு மருத்துவம் வேண்டும்.

சாலைக்கடியில் துணி விரிக்கும் யோசனை பழையது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் 1926இலேயே பருத்தித் துணியை விரித்துப் பார்த்தார்கள். நெய்யாத் துணி மண் அணைக்குள் வடிகட்டியாக நுழைந்தது 1970இல், பிரான்சின் வால்க்ரோ அணையில். பல ஆண்டுகளுக்குப் பிறகு அங்கிருந்து தோண்டி எடுத்த மாதிரிகளும் நல்ல நிலையில் இருந்தன.

வடிகால் குழாயைச் சுற்றித் துணி கட்டியும் அடைத்துக்கொண்டது. ஏன்?

இது எனக்கே நேர்ந்தது. எங்கள் தோப்பின் தாழ்ந்த மூலையில் நீர் தேங்குவதைத் தடுக்க, ஜல்லி நிரப்பிய ஓடைக்குள் துளையிட்ட குழாய் பதித்து, கைவசம் இருந்த ஸ்பன்பாண்டுத் துணியைச் சுற்றினேன். வாய்க்கால் வண்டல் படிந்த அந்த மண்ணில் இரண்டாம் பருவத்திலேயே நீர் இறங்கவில்லை. தோண்டிப் பார்த்தபோது துணி முழுதாக இருந்தது. அதன் மேல் மெழுகியதைப் போல ஒரு வண்டல் பூச்சு.

மண்ணை முழுவதுமாக நிறுத்திவிட வேண்டும் என்று நான் நினைத்தது பிழை. நல்ல வடிகட்டி முதலில் சிறிது நுண்மண்ணைப் போகவிட வேண்டும். துணியை ஒட்டிய நுண்மண் கொஞ்சம் கழிந்ததும், சற்றுப் பெரிய துகள்கள் அங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்கும். அவற்றின் பின்னால் இன்னும் சிறியவை, அதன் பின்னால் அதைவிடச் சிறியவை என்று மண் தனக்குத்தானே ஒரு வடிகட்டியைக் கட்டிக்கொள்ளும். துணி அதற்கு ஆதாரம் மட்டுமே. துளை மிகச் சிறியதாக இருந்தால் அந்த அடுக்கு உருவாவதற்குள் மேற்பரப்பு பூசிக்கொள்கிறது; மிகப் பெரியதாக இருந்தால் மண் ஓயாமல் கழிந்து மேலே நிலம் உள்வாங்குகிறது. ஊசிக்குத்து விரிப்புகளின் துளை பெரும்பாலும் 0.07 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் அமைகிறது. எது பொருந்தும் என்பதை உங்கள் மண்தான் சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அடி வெட்டிய தண்ணீர்ப் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, கழுத்துக்கு மேல் சிறு கற்களிட்டு, அதன் மேல் துணியை விளிம்பில் இடைவெளியின்றிப் பொருத்தி, உங்கள் நிலத்து மண்ணை ஒரு சாண் நிரப்பித் தொடர்ந்து நீர் ஊற்றுங்கள். தொடக்கத்தில் கலங்கி வந்து, பிறகு தெளிந்து, வேகம் குறையாமல் ஓடினால் பொருத்தம். தெளிந்த நீர் நாளுக்கு நாள் மெலிந்து சொட்டானால் அந்தத் துணியைப் புதைக்காதீர்கள். நான் இப்போது இட்டிருக்கும் தடித்த ஊசிக்குத்து விரிப்பை இப்படிப் பார்த்த பிறகே பதித்தேன்.

தென்னை மஞ்சியில் செய்த விரிப்பு பிளாஸ்டிக்குக்கு ஈடாகுமா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் தேங்காய் நாரில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பதால், பருத்தியும் சணலும் மக்கிப்போகிற ஈரத்தில் இது இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை தாங்கும். ஆலப்புழை, கொல்லம் பக்கத்தில் பச்சை மட்டையைக் காயலில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுப்பது வெள்ளை நார். பொள்ளாச்சியின் மஞ்சி மில்களில் மட்டையை இயந்திரத்தில் அடித்து எடுப்பது பழுப்பு நார். ஊசிக்குத்துக்குப் பழுப்பு நாரின் முரட்டுத்தனமே நல்லது.

சரிவில் மண் அரிப்பைத் தடுக்க மஞ்சி விரிப்பைப் பரப்பினால், அது மழைத்துளியின் அடியைத் தாங்கி, ஈரத்தைப் பிடித்து வைத்து, புல் வேர் பிடிக்கும் வரை காவல் இருந்து, பிறகு மக்கி மண்ணோடு சேர்கிறது. அங்கே பிளாஸ்டிக்கை விரிப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. வேலை முடிந்த பின்னும் அது போகாது. ஆனால் அணையின் உள்ளே, நிலத்தடி வடிகாலில், பல பத்தாண்டுகள் துளை மாறாமல் நிற்க வேண்டிய இடத்தில் மக்கும் பொருளை வைக்கக்கூடாது. கிராமச் சாலை இரண்டுக்கும் நடுவில் வருகிறது: முதல் சில மழைகளில் அடிமண் இறுகும் வரை விரிப்பு தாங்கினால் பல இடங்களில் போதும். 2020இல் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் தேங்காய் நார்க்கயிற்று விரிப்புகளைப் பயன்படுத்த ஒப்புதல் கிடைத்தபோது ஏழு மாநிலங்களில் 1,674 கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டது. அதில் தமிழ்நாட்டுக்கு 369, ஆந்திரத்துக்கு 164, கேரளத்துக்கு 71. நெய்த கயிற்று வலையும் ஊசிக்குத்து விரிப்பும் வெவ்வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வலையின் கண் விரல் நுழையும் அளவு, அதனால் நுண்மண்ணை வடிகட்ட முடியாது.

நேந்திரன் வாழைத்தாருக்கு வெள்ளைத் துணி உறை மாட்டுவதால் பயன் உண்டா?

உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் இலை உரசி, காய்த்தோலில் கறுத்த தழும்பு விழுகிறது. இலைப்பேனும் தோலைச் சுரண்டுகிறது. 17 ஜிஎஸ்எம் அளவிலான மெல்லிய ஸ்பன்பாண்டு உறை இரண்டையும் குறைக்கும். பாலித்தீன் உறைக்குள் வியர்த்துக் கொட்டுவது போல இதில் நேராது. நீராவி துளை வழியே வெளியேறுகிறது, வெளிச்சமும் உள்ளே வருகிறது. வெயில் தாங்கும் சேர்மானம் இட்ட துணியாகக் கேட்டு வாங்கினால் மறு தாருக்கும் உதவும்; இல்லையேல் பாலிபுரொப்பிலீன் வெயிலில் பொடிந்து தோப்பெங்கும் துகளாகும்.

மாதவிடாய் நாப்கினில் ஈரம் மேலே திரும்பி வராதது எப்படி?

நுண்துளையின் அறிவு மிக அழகாக வெளிப்படும் இடம் இது. சிறிய துளை பெரிய துளையை விட வலுவாக நீர்மத்தை இழுக்கும். எனவே மேலடுக்கில் பெரிய துளைகளும், அதன் கீழ் ஈரத்தை அகலமாகப் பரப்பும் ஓர் அடுக்கும், நடுவே மிகச் சிறிய துளைகள் கொண்ட மரக்கூழும் வைத்தால், நீர்மம் தானாகவே மேலிருந்து உள்ளே போகும். திரும்பி வர அதற்கு வழி இல்லை. உறிஞ்சிய ஈரத்தை உப்பிய களியாகப் பிடித்துக்கொள்ளும் பொடி பிழியும்போதும் விடாது. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் பஞ்சை வைத்துப் பலமுறை முயன்றும் பலிக்காமல், உள்ளே இருப்பது மரக்கூழ் என்று கண்டறிந்த பிறகுதான் நாப்கின் செய்யும் அவருடைய சிறு இயந்திரம் வெற்றி பெற்றது. பஞ்சு தூய்மையானதுதான், ஆனால் அழுத்தத்தில் அதன் இடைவெளி அமுங்கி, பிடித்த ஈரத்தைக் கக்கிவிடும்.

கடையில் கொடுக்கும் நான் ஓவன் பை துணிப்பைதானே? எல்லையின் இருபுறமும் செல்லுமா?

அது பிளாஸ்டிக். ஓர் ஓரத்தைக் கொளுத்திப் பாருங்கள்: உருகிச் சொட்டி, மெழுகு வாசனை வந்தால் பாலிபுரொப்பிலீன், காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் பருத்தி. மத்திய அரசின் விதிப்படி 2021 செப்டம்பர் 30 முதல் 60 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்தவை கூடாது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய தடையில் இப்பைகளையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. கேரளமும் 2020இல் தடை செய்தது. 60 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்டவற்றின் மீதான அத்தடையைக் கேரள உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் ரத்து செய்தது. கொழிஞ்சாம்பாறைக் கடையில் வாங்கிய பையோடு கோபாலபுரம் தாண்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். மஞ்சப்பை எடுத்துச் சென்றால் இந்தக் கவலையே இல்லை.

மண்டபத்தில் எதிரொலி அதிகம். சுவரில் மஞ்சி விரிப்பு ஒட்டினால் குறையுமா?

கீச்சொலி குறையும்; தவில் குறையாது. ஒலியலை துளைக்குள் புகுந்து உராய்ந்து வெப்பமாகிறது, ஆனால் நீண்ட அலைகளுக்குத் தடிமன் போதாது. ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 34 சென்டிமீட்டர். சுவரோடு ஒட்டாமல், சட்டம் கட்டி எட்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்தினால் பலன் கூடும்.

வாங்கும்போது விற்பவரிடம் எதைக் கேட்க வேண்டும்?

ஜிஎஸ்எம்மோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த இழை, எந்த முறையில் பிணைத்தது, எவ்வளவு அழுத்தத்தில் அளந்த தடிமன், துளையின் அளவு, நீரோ காற்றோ கடக்கும் வேகம், வெயில் தாங்குமா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். வடிகட்டவும் வடிக்கவும் வாங்குகிறவர்கள் தடிமனை எந்த அழுத்தத்தில் அளந்தார்கள் என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். மேசை மேல் மூன்று மில்லிமீட்டர் இருக்கும் விரிப்பு இரண்டு மீட்டர் மண்ணுக்கடியில் அப்படி இருக்காது. விரித்த பின் இரண்டு வாரத்துக்குள் மண்ணால் மூடிவிடுங்கள். பங்குனி வெயிலில் அதற்கு மேல் திறந்து கிடந்தால், புதைக்கும் முன்பே அதன் வலுவில் ஒரு பகுதி போயிருக்கும்.